அந்தப் பையன் சொன்ன பதில்தான் சரி: நம் சங்க நிர்வாகிகளுக்கு ஒரு திறந்த மடல்

தலைவர் அண்ணாச்சிக்கும் செயலாளர் அண்ணாச்சிக்கும் செயற்குழுவில் இருக்கிற மற்ற பெரியவர்களுக்கும்,

போன மாதம், சென்னை வண்ணாரப்பேட்டையில் நெல்லைக்காரர்கள் சேர்ந்து நடத்துகிற நம் சங்கத்து ஆண்டு விழாவில் பிள்ளைகளுக்கு வினாடி வினா நடந்தது. கடைசிச் சுற்றில் நாலு பிள்ளைகள் மேடையில் இருந்தார்கள். "நெல்லையில் தாமிரபரணி ஆற்றுப் பாலத்தைக் கட்டியது யார்?" என்று கேள்வி. ஏழாம் வகுப்புப் படிக்கிற பையன் ஒருவன் யோசிக்கவே இல்லை, மைக்கைப் பிடித்து, "சுலோசன முதலியார்" என்றான். நடத்தியவர் கையிலிருந்த தாளைப் பார்த்தார். "இல்லை, ஆங்கிலேயர்" என்று சொல்லிவிட்டு அடுத்த பிள்ளைக்குக் கேள்வியைக் கொடுத்துவிட்டார். அந்த ஒரு கேள்வியில்தான் அவன் இரண்டாம் இடத்துக்குப் போனான். முதல் பரிசு சைக்கிள், இரண்டாம் பரிசு எவர்சில்வர் டிபன் பாக்ஸ்.

அந்த டிபன் பாக்ஸோடு நேராக என்னிடம் வந்து நின்றான். "டீச்சர், நீங்க சொன்னது தப்பா?" என்று கேட்டான். அழவெல்லாம் இல்லை. டிபன் பாக்ஸ் மூடியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டே நின்றான். ஒன்பது வருடமாகச் சனி ஞாயிறுகளில் நம் சங்கத்து மாடியில் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். ஒரு பிள்ளை என்னிடம் இப்படி ஒரு கேள்வி கேட்டது இதுதான் முதல் தடவை.

அடுத்த ஞாயிறு செயற்குழுவுக்கு வந்தேன். பதில் எங்கிருந்து எடுத்தீர்கள் என்று கேட்டதற்கு, சங்கத்துக் காலண்டரைக் காட்டினீர்கள். ஜனவரி மாதத் தாளில் பாலத்தின் படம் அழகாகத்தான் இருக்கிறது, ஆற்றில் தண்ணீரும் இருக்கிறது. கீழே மஞ்சள் எழுத்தில் "ஆங்கிலேயர் கட்டிய பழமையான பாலம், திருநெல்வேலி" என்று போட்டிருக்கிறது. காலண்டர் அடித்தாயிற்று, போட்டி முடிவும் அறிவித்தாயிற்று, இனி ஒன்றும் செய்ய முடியாது என்றீர்கள். சரி, தவறு எல்லாருக்கும் வருவதுதான், இதோடு முடிந்திருந்தால் மனக்கஷ்டத்தோடு மாடிப்படி இறங்கிப் போயிருப்பேன். ஆனால் அப்போது செயற்குழுவில் ஒருவர், "அவரு நம்ம ஆளு இல்லையே டீச்சர், அவரு பேர நாம எதுக்குத் தூக்கிப் பிடிக்கணும்" என்றார். உங்களில் ஒருவர்கூட அதற்கு மறுத்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. "இப்பொருள் குறித்து மேலும் விவாதிக்கத் தேவையில்லை" என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதிவிட்டு, விழாச் சாப்பாட்டுக் கணக்குக்குப் போய்விட்டீர்கள்.

அதனால்தான் இதை எல்லாரும் படிக்கும்படி எழுதுகிறேன். அறைக்குள் பேசினேன், அறைக்குள்ளேயே முடித்துவிட்டீர்கள்.

நான் பிறந்தது அந்தப் பாலத்துக்குக் கிழக்கே, வண்ணார்பேட்டையில். கல்யாணமாகி 1996-இல் வந்து சேர்ந்தது இந்த வண்ணாரப்பேட்டைக்கு. ஒரு வண்ணாரப்பேட்டையிலிருந்து இன்னொரு வண்ணாரப்பேட்டைக்கு வாழ்க்கைப்பட்டாள் என்று எங்கள் வீட்டில் இன்றைக்கும் சொல்வார்கள். அப்பாவுக்கு ஜங்ஷன் பக்கம் ஒரு அச்சகத்தில் எழுத்துக் கோக்கிற வேலை. தினமும் நடந்தேதான் பாலத்தைக் கடப்பார். பாலத்தில் கால் வைக்கும்போது தோளில் கிடக்கிற துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொள்வார், அந்தக் கரைக்குப் போனதும் திரும்பத் தோளில் போட்டுக்கொள்வார். கோயிலும் இல்லை, எதிரில் யாரும் பெரிய மனிதர் வருவதும் இல்லை, எதற்கு இப்படி என்று சின்ன வயதில் ஒருநாள் கேட்டேன். "கைக்காசப் போட்டுக் கெட்டுனவரு ட்டீ. அவரு முதுகு மேல நடக்கோம்லா" என்றார். எங்கள் அப்பா முதலியாரும் இல்லை, பணக்காரரும் இல்லை. சாகிற வரைக்கும் அந்தத் துண்டை எடுக்கிற பழக்கம் போகவில்லை.

நீங்கள் எல்லாரும் அந்தப் பாலத்தின் மேல் எத்தனையோ தடவை பஸ்ஸில் போயிருப்பீர்கள். வேய்ந்தான்குளம் புது பஸ் ஸ்டாண்டில் இறங்கி ஜங்ஷன் போக வேண்டுமென்றால் வண்ணார்பேட்டை தாண்டி அந்த வழிதான். அதனாலேயே அதைப் பாலம் என்று நினைக்காமல் ரோடு என்று நினைத்துவிடுகிறோம். படித்துறையில் இறங்கி நின்று அண்ணாந்து பார்த்தால்தான் அது என்னவென்று தெரியும். தலா 60 அடி அகலத்தில் 11 வளைவுகள், மொத்தம் 760 அடி நீளம். அதை 1840-களில் கட்டியிருக்கிறார்கள். நம் ராயபுரத்திலிருந்து தென்னிந்தியாவின் முதல் ரயில் புறப்பட்டது 1856-இல். அதற்கும் 13 வருடத்துக்கு முன்னாலேயே, 1843 நவம்பர் 27-ஆம் தேதி, இந்தப் பாலத்தில் ஜனங்கள் நடக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

அதற்கு முன்னால் நெல்லைக்கும் பாளையங்கோட்டைக்கும் நடுவில் படகுதான். வெள்ளம் வந்தால் அதுவும் இல்லை. படகுத்துறையில் யார் முதலில் ஏறுவது என்று தள்ளுமுள்ளாகி உயிரே போயிருக்கிறது என்பார்கள். அப்போது கலெக்டராக இருந்தவர் ஈ.பி.தாம்ஸன். பாலம் கட்ட வேண்டும் என்று முடிவாகி, ஹார்ஸ்லி என்கிற என்ஜினீயர் படம் வரைந்து கொடுத்தார். லண்டனில் இருந்த வாட்டர்லூ பாலத்தின் சாயலில் வரைந்ததாகச் சொல்வார்கள். செலவு 50,000 ரூபாய் ஆகும் என்று கணக்கு வந்தது. கும்பினி, அதாவது கிழக்கிந்தியக் கம்பெனி, அவ்வளவு பணத்தைத் தூக்கிக் கொடுக்கவில்லை, ஊரில் வசூல் பண்ணலாம் என்றார்கள். கலெக்டர் கச்சேரியில் சிரஸ்தாராக, அதாவது தலைமை உத்தியோகஸ்தராக இருந்த சுலோசன முதலியார்தான், வீடு வீடாகப் போய் ஏழைபாழைகளிடம் கையேந்துவதற்குப் பதில் மொத்தத்தையும் நானே தருகிறேன் என்று முன்வந்தவர். அவர் மனைவி கழுத்து நகையைக் கழற்றிக் கொடுத்தாள் என்று எங்கள் ஆச்சி கதை சொல்லும்போது தன் காதுத் தண்டட்டியைத் தொட்டுத் தொட்டுச் சொல்வாள். நகை விஷயம் கதையாகவே இருக்கட்டும், பணம் அவருடையது என்பது கதை இல்லை.

படம் வரைந்தவர் வெள்ளைக்காரர். அதை நான் மறைக்கச் சொல்லவில்லை, ஹார்ஸ்லி பெயரையும் என் பிள்ளைகளுக்குச் சொல்லித்தான் கொடுத்திருக்கிறேன். வெயிலில் கல் சுமந்த கூலி ஜனங்களும் இருந்தார்கள், அவர்களில் ஒருவர் பெயர்கூட நமக்கு இல்லை. வாட்டர்லூ பாலம் 1817-இல் திறந்தது, 1930-களில் லண்டன்காரர்களே அதை இடித்துவிட்டு வேறு பாலம் கட்டிக்கொண்டார்கள். எதைப் பார்த்துக் கட்டினார்களோ அது போய்விட்டது, நம்முடையது நிற்கிறது.

"அவங்க குடும்பமே கும்பினிக்கு வேலை பார்த்த குடும்பம்தானே" என்று கூட்டத்தில் இன்னொரு குரலும் வந்தது. உண்மைதான். அவருடைய தகப்பனார் ராமலிங்க முதலியார், 1799-இல் கும்பினிப் படையின் மேஜர் பானர்மேனுக்காகக் கட்டபொம்மனிடம் பேசப் போன மொழிபெயர்ப்பாளர். இதையும் பிள்ளைகளிடம் சொல்லியிருக்கிறேன். ஒரு பையன் "அப்போ அவரு நல்லவரா கெட்டவரா டீச்சர்?" என்று கேட்டான், அரைமணி நேரம் அதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம், அன்றைக்கு இலக்கணமே நடக்கவில்லை. நடந்ததை நடந்தபடி சொன்னால் பிள்ளைகள் தாங்கிக்கொள்வார்கள். கொடுத்தவர் பெயரையே எடுத்துவிட்டால் பேசுவதற்கு என்ன மிச்சம் இருக்கும்?

அந்த "நம்ம ஆளு" என்கிற வார்த்தைக்கு வருகிறேன். எனக்கு உறுத்துவது அதுதான்.

அந்த அறையில் உட்கார்ந்திருந்தவர்களின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகளில் பாதிப் பேர் பிறந்தது எங்கே? ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். ஆஸ்பத்திரியில். என் மூத்த மகளும் அங்கேதான் பிறந்தாள், 1998 ஐப்பசியில், கொட்டுகிற மழையில், கொருக்குப்பேட்டை கேட் மூடிக் கிடந்து ஆட்டோவிலேயே பிரசவம் ஆகிவிடுமோ என்று பயந்து போய்ச் சேர்ந்தேன். அந்த நாலு எழுத்து என்ன என்று நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? ராஜா சர் ராமசாமி முதலியார். 1880-இல் அந்த ஆஸ்பத்திரி வருவதற்குக் காரணமாக இருந்த கொடையாளி. அவர் யார், என்ன ஆள் என்று கேட்டா நாம் பிரசவத்துக்குப் போனோம்? அவரும் நாம் யாரென்று கேட்கவில்லை. வடசென்னையில் பிறந்த எத்தனையோ குழந்தைகள் முதல் மூச்சை விட்ட இடம் அது. அந்தப் பெயர் சுருங்கிச் சுருங்கி நாலு எழுத்தாகிப் போனதே எனக்கு வருத்தம். நீங்கள் அந்த எழுத்தையும் விட்டுவைக்காமல் "ஆங்கிலேயர்" என்று போடுகிறீர்கள்.

இங்கேயே இன்னொன்றும் பாருங்கள். பேசின் பிரிட்ஜ் பக்கம் கறுப்பாகத் தேங்கிக் கிடக்கிறதே, பக்கிங்காம் கால்வாய். சென்னையிலிருந்து எண்ணூர் வரைக்குமான பகுதியை 1806 வாக்கில் பேசில் காக்ரேன் என்பவர் வெட்டினார், கொஞ்ச காலம் அவர் பெயரிலேயே இருந்தது. அப்புறம் தாது வருஷப் பஞ்சம் வந்தது. பஞ்சத்தில் அடிபட்டவர்களை வைத்துத்தான் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கிற துண்டை வெட்டினார்கள். அரை வயிற்றுக்கு மண் சுமந்தவர்கள் ஆயிரக்கணக்கான பேர். பெயர் யாருக்குப் போனது? அப்போது கவர்னராக இருந்த பக்கிங்காம் பிரபுவுக்கு. இது வெள்ளைக்காரர்கள் அவர்களாகச் செய்துகொண்டது, நாம் தடுக்கிற இடத்தில் இல்லை. நெல்லைப் பாலத்தின் விஷயம் அப்படியில்லை. கலெக்டர் பெயரும் இல்லாமல் கவர்னர் பெயரும் இல்லாமல், பணம் போட்ட நம் ஊர்க்காரர் பெயரிலேயே 180 வருடத்துக்கு மேல் அந்தப் பாலம் இருக்கிறது. அதை வெள்ளைக்காரனே எடுக்கவில்லை. நாம் எடுத்து அவன் கையில் கொடுக்கிறோம், அதுவும் நெல்லை என்று போர்டு மாட்டிய சங்கத்திலிருந்து.

அவர் நெல்லைக்காரரா என்று யாராவது கேட்கலாம். அவர்கள் குடும்பம் இந்தச் சென்னைப் பக்கத்துத் தொண்டை மண்டலத்திலிருந்து தெற்கே பிழைக்கப் போன குடும்பம். நாம் தெற்கேயிருந்து இங்கே பிழைக்க வந்திருக்கிறோம். போன இடத்து ஜனங்கள் ஆற்றில் சாகக்கூடாது என்று அவர் சொத்தைக் கொடுத்தார். நாற்பது வருடமாக இந்த ஊர் அரிசியைத் தின்கிற நாம், இந்த ஊர்க் கால்வாய்க்கு என்ன செய்தோம் என்று யோசிக்கும்போது எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. அது பெரிய பேச்சு, இன்னொரு நாள் பேசலாம்.

ஆனால் நம் சங்கம் எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியும், அதைச் சொல்லாமல் விட்டால் நன்றி கெட்டவள் ஆகிவிடுவேன். 2023 டிசம்பர் உங்களுக்கு நினைவிருக்கும். மாத ஆரம்பத்தில் மிக்ஜாம் புயல். நம் தெருக்களில் முழங்காலுக்கு மேல் தண்ணீர், அங்கே எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய்ப் படலம். வீட்டுச் சேற்றைக் கழுவி முடிப்பதற்குள் 17, 18 தேதிகளில் தெற்கே பேய்மழை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். ஜங்ஷன் முழுக்கத் தண்ணீர், கலெக்டர் ஆபீஸ் முழுக்கத் தண்ணீர், குறுக்குத்துறை முருகன் கோயில் மூழ்கிப்போனது. நம் கடைகளிலேயே சரக்கு நனைந்து நஷ்டத்தில் இருந்தபோது, மூன்று லாரி நிறைய அரிசி, போர்வை, பால் பவுடர் எல்லாம் ஏற்றி அனுப்பினீர்கள். நானும் மாடியில் உட்கார்ந்து மூட்டைக்குச் சீட்டு எழுதினேன். சீட்டில் என்ன எழுதச் சொன்னீர்கள் தலைவர் அண்ணாச்சி? "எந்த ஊர், எந்தத் தெருன்னு பார்க்காதீங்க, வாங்க வர்றவங்களுக்குக் கொடுங்கன்னு எழுதும்மா" என்றீர்கள். அன்றைக்கு நம்ம ஆளா என்று கேட்டு ஒரு மூட்டைகூட ஏறவில்லை. அந்த அண்ணாச்சிதான் போன ஞாயிறு அந்த வார்த்தை காதில் விழுந்தும் தலையைக் குனிந்து கணக்கு நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

அந்தப் பொங்கலுக்கு ஊருக்குப் போனேன். தைப்பூச மண்டபத்துப் படியில் வண்டல் அப்படியே காய்ந்து வெடித்துக் கிடந்தது. கரையோர மரங்களில், என் தலைக்கு மேலே ரொம்ப உயரத்தில், பழைய சேலைகளும் பிளாஸ்டிக் பைகளும் சுற்றித் தொங்கின, தண்ணீர் எதுவரை வந்தது என்பதற்கு வேறு அளவே வேண்டாம். பாலத்தின் அடியில் போய் நின்றேன். ஒரு வளைவின் இடுக்கில் சாண் உயரத்துக்கு அரசங்கன்று ஒன்று, அவ்வளவு வெள்ளத்துக்கும் பிடுங்கிப் போகாமல் ஒட்டிக்கொண்டிருந்தது. கையெட்டுகிற உயரத்தில் கல்லைத் தொட்டுப் பார்த்தேன், மத்தியான வெயிலிலும் உள்ளே ஈரமாக இருந்தது. 1992 நவம்பர் வெள்ளத்தில் அப்பா என்னைக் கூட்டிக்கொண்டு போய்த் தூரத்திலிருந்து காட்டினார், அப்போது வளைவுகளின் வாய் பெரும்பாலும் மூடியிருந்தது, தண்ணீர் மோதுகிற சத்தத்தில் பக்கத்தில் நிற்பவர் பேசுவது கேட்காது. 1869-இல் ஒரு வெள்ளம் பாலத்தில் ஒரு பகுதியை அடித்துக்கொண்டு போயிருக்கிறது. அப்போது ஊர் ஜனங்களிடம் பணம் திரட்டி 1871-இல் சரிசெய்திருக்கிறார்கள். ஒருவர் கொடுத்ததை ஊரே சேர்ந்து காப்பாற்றியிருக்கிறது. அப்புறம் அகலப்படுத்தினார்கள், இப்போது பக்கத்தில் புதுப்பாலமும் வந்துவிட்டது. ஊர்க்காரர்கள் நவம்பர் 27-இல் பாலத்துக்குப் பிறந்தநாள் கொண்டாடுகிறார்கள். அங்கே இருப்பவர்கள் மறக்கவில்லை. மறந்தது இங்கே இருக்கிற நாம்தான், அதனால்தான் எனக்குக் கூடுதலாக வலிக்கிறது. இங்கே பிறந்த நம் பிள்ளைகளுக்கு அந்த ஊர் என்பது வருடத்துக்கு ஒரு தடவை நெல்லை எக்ஸ்பிரஸ், நாலு நாள் சொந்தக்காரர் வீடு, இருட்டுக்கடை அல்வா, அவ்வளவுதான். மற்றதெல்லாம் நாம் சொன்னால்தான் உண்டு.

இனி நான் கேட்பவை.

முதலில், தீர்மானப் புத்தகத்தில் எழுதிய அந்த வரியை அடுத்த செயற்குழுவில் எடுத்துவிட்டு, போட்டியில் சொல்லப்பட்ட பதில் சரியானது என்று எழுதுங்கள். "நம்ம ஆளு இல்லை" என்று பேசியவர் யாரென்று இங்கே நான் எழுதவில்லை, எழுதவும் மாட்டேன், ஆனால் அவர் அதே கூட்டத்தில் அந்த வார்த்தையைத் திரும்பப் பெற வேண்டும்.

காலண்டர் கிட்டத்தட்ட ஆயிரம் வீடுகளுக்கும் கடைகளுக்கும் போயிருக்கிறது. திரும்ப அடிக்கச் சொல்லவில்லை, அவ்வளவு செலவு வேண்டாம். "சுலோசன முதலியார் தம் சொந்தப் பணத்தில் கட்டிய பாலம், 1843" என்று சின்ன ஸ்டிக்கர் அடித்துக் கொடுங்கள். எம்.சி. ரோடு, தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டைக் கடைகளுக்கு என் வகுப்புப் பிள்ளைகள் நடந்தே போய் அந்த மஞ்சள் எழுத்தின் மேல் ஒட்டிவிடுவார்கள். ஸ்டிக்கர் செலவை நானே ஏற்றுக்கொள்கிறேன். அடுத்த வருடத்திலிருந்து காலண்டரோ, மலரோ, கேள்வித்தாளோ, அச்சுக்குப் போவதற்கு முன்னால் விஷயம் தெரிந்த இரண்டு பேரிடம் காட்டுங்கள். நான் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, நம்மிலேயே ரிட்டயர்டு தமிழாசிரியர்கள் மூன்று பேர் இருக்கிறார்கள்.

வருகிற நவம்பர் 27-ஆம் தேதியை ஒட்டி வகுப்புப் பிள்ளைகளை ஊருக்குக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். டிக்கெட்டுக்குச் சங்கத்துக் கல்வி நிதியிலிருந்து பணம் ஒதுக்குங்கள், தங்குவதற்கு என் அண்ணன் வீட்டு மாடி இருக்கிறது. ஒரு தடவையாவது பஸ்ஸில் இல்லாமல், இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு அவர்கள் நடந்து போகட்டும்.

சைக்கிள் வாங்கிய பிள்ளையிடமிருந்து அதைத் திரும்ப வாங்கக் கூடாது. அது அந்தப் பிள்ளை செய்த தப்பு இல்லை. இவனுக்கும் முதல் பரிசு என்று சான்றிதழ் எழுதிக் கொடுங்கள், இன்னொரு சைக்கிளுக்குச் சங்கத்தில் வழியிருக்கிறது என்று எனக்குத் தெரியும்.

வரும் ஞாயிறு காலை பத்து மணிக்கு மாடியில் வகுப்பு இருக்கிறது. அவன் வருவான். தலைவர் அண்ணாச்சி, ஐந்து நிமிடம் படியேறி வந்து, எல்லாப் பிள்ளைகளும் இருக்கும்போது அவனிடம், "நீ சொன்னதுதாம்லே சரி, தப்பு எங்க மேல" என்று உங்கள் வாயால் சொல்லுங்கள்.